‘ரெண்டு பேருக்கும் ஒரே வேவ்லென்த்’ என்பது அறிவியல்படி உண்மையா? இருவர் மூளையை ஒரே நேரத்தில் அளக்கும் ‘ஹைப்பர்ஸ்கேனிங்’ சொல்வது என்ன?

“அவனும் நானும் ஒரே வேவ்லென்த்.” நெருங்கிய நண்பரைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. ஆனா, இதை நிஜமாகவே கருவி வைத்து அளக்க முடியுமா?

முடியும் என்று சொல்லித்தான் கடந்த 20 ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். தலையில் வயர்கள் பொருத்திய குல்லா. பேசச் சொல்கிறார்கள், பாடச் சொல்கிறார்கள், விளையாடச் சொல்கிறார்கள், சில நேரம் சும்மா கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். அந்த நேரம் முழுக்க இருவரின் மூளைச் செயல்பாடும் ஒன்றாகப் பதிவாகிறது. இந்த முறைக்குப் பெயர் ஹைப்பர்ஸ்கேனிங்.

இதிலிருந்து வரும் முடிவுகள் செய்தித் தலைப்புகளுக்கு ரொம்பப் பொருத்தமானவை. ‘காதலர்களின் மூளை ஒரே தாளத்தில் இயங்குகிறது’, ‘தாயும் சேயும் மூளையால் இணைந்தவர்கள்’ என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களுக்கு மூலம் பெரும்பாலும் இந்த ஆய்வுகள்தான். இன்னொரு பக்கம், தலையில் மாட்டும் மலிவான மூளை அலைப் பட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. பள்ளிக் குழந்தைகளின் தலையில்கூட அதை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கருவிகளால் எதை அளக்க முடியும், எதை அளக்கவே முடியாது என்பது ஆய்வாளர்களுக்கு மட்டுமான விஷயமாக இப்போது இல்லை.

ஒருவரின் மூளையை மட்டும் பார்த்தால் போதாதா?

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும்போது மூளையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி பழையது. அதற்கான சோதனைகள் நடந்த விதம்தான் விநோதம். ஒருவரை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். தலையை அசைக்கக் கூடாது. காதைப் பிளக்கும் சத்தம். அவருக்கு ஒரு திரையில் முகங்களின் புகைப்படங்கள் காட்டப்படும். சிரிக்கும் முகம், கோபமான முகம், பயந்த முகம். மூளையின் எந்தப் பகுதி தூண்டப்படுகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

இதில் கிடைத்த தகவல்கள் பயனுள்ளவைதான். ஆனால் புகைப்படம் பதிலுக்குச் சிரிக்காது. நீங்கள் சொன்ன ஜோக்குக்கு முகத்தைச் சுளிக்காது. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று கணிப்பதும், அவர் செய்வதைப் பார்த்து நாம் மாறுவதும், நம்மைப் பார்த்து அவர் மாறுவதும்தான் பழகுதல். கபடியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டக்காரரைக் காலி மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது நிலைமை.

டெலிபதியில் தொடங்கிய கதை

மூளையின் மின் அலைகளை மண்டைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும் ஈஈஜி முறையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவரை இந்தப் பாதைக்குத் தள்ளிய சம்பவம் சுவாரஸ்யமானது.

1893-ல், இளைஞராக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார் பெர்கர். பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. வெகு தொலைவில் இருந்த அவருடைய அக்காவுக்கு ‘தம்பிக்கு ஏதோ ஆபத்து’ என்று மனதில் பட்டிருக்கிறது, அப்பாவை நச்சரித்துத் தந்தி அடிக்க வைத்திருக்கிறார். தன் மூளையிலிருந்து ஏதோ ஒரு சக்தி அக்காவை எட்டியிருக்கிறது என்று கடைசிவரை நம்பினார் பெர்கர். அந்தச் சக்தியைத் தேடிப் போனவர், 1924-ல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முறையாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். டெலிபதி கிடைக்கவில்லை. ஆனால் இன்று வலிப்பு நோய்க்கு ஊர் ஊராக எடுக்கப்படும் ஈஈஜி பரிசோதனை கிடைத்தது.

அதோடு அந்த ஆசை அடங்கவில்லை. 1965-ல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில், ஒரே மாதிரி இரட்டையர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஈஈஜி எடுத்த ஒரு சிறு கட்டுரை வந்தது. ஒருவர் கண்ணை மூடினால் இன்னொருவர் மூளையிலும் ஆல்ஃபா அலை தோன்றுகிறதாம். 15 ஜோடிகளில் 2 ஜோடிகளில் மட்டும்! சோதனை முறையே சரியில்லை என்று கடும் விமர்சனம் எழுந்தது. இருவரின் மூளையை ஒரே நேரத்தில் பதிவு செய்த ஆரம்பகால முயற்சி என்ற அளவில்தான் இன்று அது நினைக்கப்படுகிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘டெலிபதி’ என்ற வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் நெளிவதற்கு இந்தப் பழைய கதைதான் காரணம்.

20 டாலர் விளையாட்டும் 14 விநாடியும்

ஹைப்பர்ஸ்கேனிங் என்ற பெயரை வைத்தது 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் இருந்த ரீட் மாண்டேக் குழு. இரண்டு எம்ஆர்ஐ இயந்திரங்களை இன்டர்நெட் வழியாக இணைத்து, உள்ளே படுத்திருந்த இருவரை எளிமையான ஒரு ஏமாற்று விளையாட்டு ஆடவைத்தார்கள். ஒருவர் பார்த்த நிறத்தை உண்மையாகவோ பொய்யாகவோ சொல்வார், மற்றவர் நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

உண்மையில் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது 2005-ல் அதே குழு வெளியிட்ட அடுத்த ஆய்வு. ஒருவர் ஹூஸ்டனில், மற்றவர் கலிபோர்னியாவின் பாசடேனாவில். இரண்டு பேரும் இரண்டு இயந்திரங்களில். முதலாமவர் கையில் ஒவ்வொரு சுற்றிலும் 20 டாலர் மதிப்பு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மற்றவரிடம் கொடுக்கலாம். கொடுத்த தொகை மூன்று மடங்காகும். வாங்கியவர் அதில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது அவர் இஷ்டம். இப்படி 10 சுற்று. நம்ம ஊர்ச் சீட்டுக் கட்டுவது மாதிரி, முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடும் விவகாரம்.

பணம் வாங்குபவரின் மூளையில் ‘காடேட்’ என்ற ஆழமான பகுதியை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ‘இவரை நம்பலாம், நல்லபடி திருப்பிக் கொடுக்கலாம்’ என்ற எண்ணத்தோடு தொடர்புடைய சமிக்ஞை, முதல் சில சுற்றுகளில் எதிராளி எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்த பிறகுதான் எழுந்தது. சுற்றுகள் போகப் போக அது முன்னால் நகர்ந்தது. கடைசிச் சுற்றுகளில், தொகை திரையில் தெரிவதற்கு முன்பே எழ ஆரம்பித்துவிட்டது. மொத்தம் சுமார் 14 விநாடி முன்னேற்றம். அதாவது, எதிராளியின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து அவரைப் பற்றிய ஒரு ‘பேர்’ மூளையில் உருவாகிவிட்டது. ஒருவரை மட்டும் ஸ்கேன் செய்திருந்தால் இது கிடைத்திருக்காது.

எப்படித்தான் அளக்கிறார்கள்?

மூன்று கருவிகள் முக்கியமானவை. மூன்றிலும் ஒரு குறை இருக்கிறது.

முதலாவது எஃப்எம்ஆர்ஐ. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைக் காந்தப் புலத்தால் படம் பிடிக்கிறது இது. ஆழமான பகுதிகள்கூடத் தெரியும். ஆனால் ரத்தம் வந்து சேர ஐந்தாறு விநாடி ஆகும். பேச்சில் ஐந்து விநாடி என்பது ஒரு யுகம். தவிர, இருவரும் தனித்தனி குழாய்க்குள் படுத்திருக்கும்போது அதை ‘பழகுதல்’ என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்? இதற்காக ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரே எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் தம்பதியை ஒருவரை ஒருவர் அணைத்தபடி படுக்கவைத்து, ஆளுக்கொரு தலைக் கருவி மாட்டி ஸ்கேன் எடுத்தார்கள். 2020-ல் அது வெளியானது. நெருக்கடியான குழாய்தான், ஆனால் வேலை செய்தது.

இரண்டாவது ஈஈஜி. தலைத் தோலில் ஒட்டும் மின்முனைகள், நரம்பு செல்கள் கூட்டாக எழுப்பும் மிக மெல்லிய மின் அலைகளைப் பிடிக்கும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கணக்குப் போடும் விஷயம் இது. வேகத்தில் இதை மிஞ்ச முடியாது, ஆயிரத்தில் ஒரு விநாடிவரை துல்லியமாகப் பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், பேசத் தாடையை அசைத்தால்கூட அந்தத் தசைகளின் மின்சாரம் மூளை அலையை அமுக்கிவிடும். பேசுவதை ஆராய வந்த இடத்தில், பேச்சுதான் பெரிய இடைஞ்சல்.

மூன்றாவது எஃப்நிர்ஸ். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை நெற்றியிலும் தலையிலும் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து ரத்தத்தில் ஆக்சிஜன் மாற்றத்தைக் கணிப்பது. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமானதே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். உட்கார்ந்து பேசலாம், தலையாட்டலாம், கைக்குழந்தைக்குக்கூட மாட்டலாம். அதனாலேயே இருவர் ஆய்வுகளில் இது வேகமாகப் பரவியது. ஆனா மூளையின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது. பயம், பாசம் போன்றவற்றில் பங்கு வகிக்கும் ஆழமான பகுதிகள் இதற்கு எட்டாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கலும் உண்டு. கருமையான அடர்த்தியான முடியும் கருத்த தோலும் அந்த ஒளியை உறிஞ்சிவிடும், சமிக்ஞை பலவீனமாகும். சுருட்டை முடிக்காரர்களுக்கு ஈஈஜி மின்முனை சரியாக ஒட்டாது. (ஆஸ்பத்திரியில் ஈஈஜி எடுக்கப் போகும் முன் ‘தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க’ என்று சொல்வதும் இதே ஒட்டுதல் பிரச்சினைக்காகத்தான்.) விளைவு, மூளை பற்றிய பல முடிவுகள் வெளிர் முடிக்காரர்களின் தரவை வைத்து எழுதப்படும் ஆபத்து இருக்கிறது.

‘ஒத்துப்போகிறது’ என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து ஊஞ்சலில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முன்னே வந்து ஒரே நேரத்தில் பின்னே போனால் ஒத்திசைவு. ஒருவர் எப்போதும் அரை விநாடி பின்தங்கி வந்தாலும், அந்த இடைவெளி மாறாமல் இருந்தால் அதுவும் ஒத்திசைவுதான். மூளை அலைகளிலும் கணினி இதைத்தான் தேடுகிறது. ஒருவரின் அலை ஏறும்போது மற்றவருடையது ஏறுகிறதா, அந்த உறவு நிலையாக இருக்கிறதா என்று கணக்கிட்டு ஒரு எண்ணைத் தருகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு எதுவும் ‘பாய்வதில்லை’. கண், காது, தொடுதல் வழியாகத்தான் எல்லாம் போகிறது. ஒத்திசைவு எண் எவ்வளவு உயர்ந்தாலும், ஒருவர் என்ன நினைக்கிறார் என்று அதிலிருந்து படிக்கவும் முடியாது.

கிட்டார் முதல் வகுப்பறை வரை

2009-ல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில், கிட்டார் கலைஞர்களை ஜோடி ஜோடியாக ஒரே மெட்டை வாசிக்கவைத்து ஈஈஜி எடுத்தார்கள். வாசிக்கத் தொடங்கும்முன் தாளம் பிடிக்கும் நேரத்திலும், வாசிப்பின் தொடக்கத்திலும் இருவரின் அலைகளும் இசைந்தன. ‘ஒரே விரல் அசைவு, ஒரே சத்தம், அப்புறம் இசையாம என்ன செய்யும்?’ என்ற கேள்வி உடனே வந்தது. 2012-ல் அதே நிறுவனத்தினர் ஆளுக்கொரு வேறு பகுதியை வாசிக்கும் டூயட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் சோதித்தார்கள். அப்போதும் ஒத்திசைவு தெரிந்தது.

2010-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழு செய்தது வேறு வகை. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு கதையை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் இருந்தபடியே, ஒத்திகை பார்க்காமல் சொன்னார். அந்தப் பதிவைப் பின்னர் 11 பேர் இயந்திரத்துக்குள் இருந்து கேட்டார்கள். கேட்பவர் மூளையின் பல பகுதிகள், சொல்பவர் மூளையைச் சில விநாடி பின்தங்கிப் பின்தொடர்ந்தன. சில பகுதிகள் முந்திக்கொண்டன, அதாவது அடுத்து என்ன வரும் என்று கணித்தன. கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் இந்தப் பொருத்தம் அதிகம். ரஷ்ய மொழிக் கதையை, ரஷ்யன் தெரியாதவர்களுக்குப் போட்டபோது பொருத்தம் காணாமல் போனது. கண்டிப்பாகச் சொன்னால் இது ஒரே நேரப் பதிவு இல்லை, ஒருவருக்குப் பின் ஒருவராக எடுத்தது. ஆனாலும் இந்தத் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

2017-ல் சூசன் டிக்கர், டேவிட் போப்பல் உள்ளிட்டோர் ஆய்வுக்கூடத்தை விட்டே வெளியே வந்தார்கள். நியூயார்க் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 12 மாணவர்களுக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஈஈஜி கருவியை மாட்டி, ஒரு பருவத்தில் 11 வகுப்புகளைப் பதிவு செய்தார்கள். வகுப்பு பிடித்துப்போய் ஈடுபாட்டோடு இருந்த நேரங்களில் மாணவர்களின் மூளை அலைகள் ஒன்றுக்கொன்று அதிகம் இசைந்தன. வீடியோவும் குழு விவாதமும் மாணவர்களுக்குப் பிடித்தன, ஆசிரியர் வாசித்துக்கொண்டே போவது பிடிக்கவில்லை. (இதைக் கண்டுபிடிக்க ஈஈஜி எதற்கு என்று கடைசி பெஞ்ச் கேட்கும்.) புதிய தகவல் வேறு ஒன்று. வகுப்பு தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து உட்கார்ந்த ஜோடிகளுக்கு, அன்றைய வகுப்பில் தங்களுக்குள் ஒத்திசைவு கூடுதலாக இருந்தது.

குழந்தைகளிடம் நடந்தவை இன்னும் நுட்பமானவை. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் விக்டோரியா லியோங் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பாடியபோது, பார்வையை விலக்கிப் பாடியதைவிட இருவரின் மூளை அலைகளும் அதிகம் இணைந்தன. பிரின்ஸ்டனில் 2020-ல் வெளியான ஆய்வில் 9 முதல் 15 மாதக் குழந்தைகளோடு ஒருவர் பொம்மை வைத்து விளையாடினார், பாடினார், கதைப் புத்தகம் படித்தார். ஆய்வாளர்களே எதிர்பார்க்காத முடிவு கிடைத்தது. குழந்தையின் முன்மூளைச் செயல்பாடு சில நேரங்களில் பெரியவரின் மூளையைவிடச் சற்று முந்தியிருந்தது. குழந்தை எதைப் பார்க்கப் போகிறது, எந்த வார்த்தைக்கு எதிர்வினை காட்டப் போகிறது என்பதை வைத்துப் பெரியவர்தான் தன்னை மாற்றிக்கொண்டே போகிறார் என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். குழந்தை சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஆட்டத்தை நடத்துகிறது.

கையைப் பிடித்தால் வலி குறையுமா?

இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர் பவெல் கோல்ட்ஸ்டைன் 2018-ல் 22 ஜோடிகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். மனைவியின் பிரசவ நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது உதவியாக இருந்ததைக் கவனித்ததில்தான் இந்த யோசனை வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பெண்ணின் முன்கையில் லேசான சூட்டு வலி கொடுத்தார்கள். ஒருமுறை இருவரும் வேறு வேறு அறையில், ஒருமுறை பக்கத்தில் தொடாமல், ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு.

கையைப் பிடித்திருந்தபோது ஒத்திசைவு அதிகம், பெண் சொன்ன வலியும் குறைவு. அவளுடைய வலியைச் சரியாக ஊகித்த ஆண்களின் ஜோடிகளில் இது இன்னும் தெளிவாக இருந்தது. ஒத்திசைவால் வலி குறைந்ததா, வலி குறைந்து மனம் ஆசுவாசப்பட்டதால் ஒத்திசைவு வந்ததா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவ வார்டில் கையைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் ஈஈஜி ஆதாரம் தேவையும் இல்லை.

வீடியோ கால் போதுமா?

வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாவுக்கும் ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில் 62 தாய்மார்களும் 10 வயதைத் தாண்டிய அவர்களின் பிள்ளைகளும் நேருக்கு நேராகவும், தனித்தனி அறையிலிருந்து வீடியோ காலிலும் பேசினார்கள். நேரில் பேசியபோது இரு மூளைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க 9 இணைப்புகள் தெரிந்தன. வீடியோ காலில் 1 மட்டுமே.

இதைப் படித்துவிட்டு ‘வீடியோ காலில் பாசம் போகாது’ என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வீடியோ காலில் ஒலியும் ஒளியும் சற்றுத் தாமதமாகும், கேமரா திரைக்கு மேலே இருப்பதால் கண்ணுக்குக் கண் பார்ப்பதே நடப்பதில்லை. ஒரு சில நிமிட உரையாடலின் அலைகளை அளந்த ஆய்வு இது. அந்த அழைப்புக்காகப் பிள்ளை வாரம் முழுக்கக் காத்திருந்ததை எந்தக் குல்லாவும் அளக்கவில்லை.

ஐபிஎல் மேட்ச் பிரச்சினை

சென்னை அணி கடைசிப் பந்தில் சிக்சர் அடிக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு கூச்சல். அதே நொடி அடுத்த தெருவில் முன்பின் தெரியாத ஒரு வீட்டிலும் அதே கூச்சல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? ஒன்றுமில்லை. இரண்டு வீடும் ஒரே மேட்சைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஹைப்பர்ஸ்கேனிங் ஆய்வுகள் மீதான மிகப் பெரிய விமர்சனம் இதுதான். இருவரும் ஒரே அறையில், ஒரே சத்தத்தைக் கேட்டு, ஒரே மாதிரி கை அசைத்தால், மூளை அலைகள் ஒத்துப்போகத்தான் செய்யும். அதற்கு ‘மனங்கள் இணைந்தன’ என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பிரிட்டன் ஆய்வாளர் ஏட்ரியன் பர்ஜெஸ் 2013-லேயே இதை எச்சரித்தார். லண்டனைச் சேர்ந்த ஆன்டோனியா ஹாமில்டன் 2021-ல் எழுதிய கட்டுரையும் இதே ஆரவாரத்தைத் தாண்டி யோசிக்கச் சொன்னது.

இதைச் சமாளிக்க ஒரு வழி, ஜோடியைக் கலைத்துப் போடுவது. காலையில் வந்த ஜோடியின் ஒருவர் பதிவையும் மாலையில் வந்த ஜோடியின் ஒருவர் பதிவையும் கணினியில் சேர்த்துப் பொய் ஜோடி உண்டாக்குவார்கள். இருவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள், ஆனால் சந்திக்காதவர்கள். பொய் ஜோடியிலும் அதே அளவு ஒத்திசைவு வந்தால் அது ‘மேட்ச்’ விளைவு. நிஜ ஜோடியில் மட்டும் கூடுதலாக வந்தால்தான் பேச்சே.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆளுக்கு 20 மின்முனை என்றால் இருவருக்கும் இடையே 400 இணைகள். ஐந்து அலைவரிசைகள் என்றால் 2,000 ஒப்பீடுகள். தற்செயலாகவே நூறில் ஐந்து ‘பொருந்துகிறது’ என்று வரும் அளவுகோலை வைத்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் 100 ‘கண்டுபிடிப்புகள்’ கிடைத்துவிடும். நல்ல ஆய்வுகள் இதற்குத் திருத்தம் செய்கின்றன. பத்துப் பதினைந்து ஜோடிகளை மட்டும் வைத்து வரும் பரபரப்பான முடிவைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

விமர்சனத்துக்கு ஒரு வலுவான பதில் மனிதர்களிடமிருந்து வரவில்லை, வௌவால்களிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2019-ல் மைக்கேல் யார்ட்செவ் குழு, சேர்ந்து பழகும் பழந்தின்னி வௌவால்களின் மூளையை வயர்லெஸ் முறையில் பதிவு செய்தது. ஒன்றாக இருந்தபோது அவற்றின் மூளைச் செயல்பாடு இசைந்தது. ஒரே மாதிரியான இரண்டு தனிக் கூண்டுகளில் விட்டு, ஒரே வௌவால் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது அந்த இசைவு இல்லை. அதே நேரத்தில் வெளியான இன்னொரு ஆய்வில் எலிகளிடமும் பழகும்போது இசைவு காணப்பட்டது. ஆக, எல்லாமே ‘மேட்ச்’ விளைவு என்றும் தள்ளிவிட முடியாது.

காரணமா விளைவா என்று கண்டறிய இன்னொரு வழி, ஒத்திசைவை நாமே உருவாக்கிப் பார்ப்பது. 2017-ல் ஜாகோமோ நொவெம்ப்ரே குழு, இருவரின் தலையிலும் மெல்லிய மாறுமின்னோட்டத்தை விநாடிக்கு 20 முறை என்ற அலைவில் செலுத்தி, விரல் தட்டச் சொன்னது. இருவருக்கும் ஒரே ஏற்ற இறக்கத்தில் மின்னோட்டம் தந்தபோது, தட்டலில் ஒற்றுமை கூடியது. விரல் தட்டலில்தான். நட்பிலோ காதலிலோ இல்லை.

அதிகம் ஒத்துப்போனால் நல்லதா?

‘ஒத்திசைவு அதிகம் என்றால் உறவு நல்ல உறவு’ என்று நினைக்கத் தோன்றும். 2024-ல் பிரின்ஸ்டனிலிருந்து வந்த ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. நண்பர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் ஜோடி சேர்த்து, இரண்டு எம்ஆர்ஐ இயந்திரங்களிலிருந்து பேசவைத்தார்கள். அறிமுகமில்லாதவர்களின் மூளைகள் பேசப் பேச நெருங்கி வந்தன. நண்பர்களின் மூளைகள் விலகி விலகிப் போயின. நண்பர்கள் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள், புதுசு புதுசாகத் தேடுகிறார்கள். அறிமுகமில்லாதவர்களிலும் அப்படித் தாவிப் பேசியவர்கள்தான் உரையாடலை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். டீக்கடையில் இரண்டு பழைய நண்பர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளை இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் கண்ணோடு கண் பார்க்கும் ஜோடிகளில் ஒத்திசைவு குறைவாக இருந்ததாக ஜப்பானிய ஆய்வு ஒன்று 2012-ல் சொன்னது. ஆனால் அது ஜோடியின் எண், ஒருவரின் எண் அல்ல. குறை இவரிடம் என்று ஒரு பக்கம் கை நீட்ட அதில் இடமில்லை. ஹைப்பர்ஸ்கேனிங்கை வைத்து ஆட்டிசத்தைக் கண்டறியும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பரிசோதனை எதுவும் இன்று கிடையாது. குழந்தைக்கு அப்படி ஒரு ‘டெஸ்ட்’ எடுக்கலாம் என்று யாராவது பணம் கேட்டால், பெற்றோர் தயங்காமல் மறுக்கலாம்.

தலைப் பட்டை வகுப்பறைக்குள் வந்தால்?

2019-ல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், மாணவர்கள் ‘கவனமாக’ இருக்கிறார்களா என்று பார்க்க நெற்றியில் ஈஈஜி பட்டை கட்டிய வீடியோக்கள் வெளியாகின. மதிப்பெண் ஆசிரியரின் கணினிக்குப் போனது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் உள்ளூர் கல்வித் துறை பயன்பாட்டை நிறுத்தியது. அது ஒவ்வொருவரையும் தனித்தனியாக அளந்த கருவி. வகுப்பறையில் ஒத்திசைவை அளக்கும் கருவிக்கும் அதற்கும் தொழில்நுட்ப இடைவெளி பெரிதில்லை. ‘இந்தப் பிள்ளை மட்டும் வகுப்போடு ஒட்டவில்லை’ என்று ஒரு எண் சொன்னால், அந்த எண்ணைப் பள்ளி என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

சில நாடுகள் முன்கூட்டியே விழித்திருக்கின்றன. தென் அமெரிக்காவின் சிலி 2021-ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்கத் தன் அரசியல் சாசனத்தையே திருத்தியது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்கும்படி தலைப் பட்டை விற்ற நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ, கலிபோர்னியா மாநிலங்கள் 2024-ல் நரம்புத் தரவைத் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

இந்தியாவில், உண்மை கண்டறியும் சோதனைகள், மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் சம்மதமில்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது என்று 2010 மே மாதம் ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குற்ற விசாரணைக்கான தீர்ப்பு. பள்ளியோ அலுவலகமோ ஒரு செயலியோ ‘கவனத்தை மேம்படுத்துகிறோம்’ என்று தலைப் பட்டை கொடுப்பது வேறு கதை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவு என்று தனியாக ஒரு வகை இல்லை, பெயர், போன் நம்பர் போல அதுவும் பொதுவான தனிநபர் தரவுதான். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, அப்படி ஒரு படிவம் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடும்முன் பதிவு எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.